நான் பொறாமைப்பட்ட பதிவாளரம்மா

மேடையில் வீற்றிருக்கும் மூத்தவர்களே, மென்பொருள் தொகுப்புப் பிரிவின் தோழர்களே, முன்வரிசையில் தலைகுனிந்து அமர்ந்திருக்கும் அம்மையாரின் கணவரே, மகளே, வணக்கம்.

நாமெல்லாம் பதிவாளரம்மா என்று கூப்பிட்ட அம்மையாரைப் பற்றி இந்த இரங்கல் கூட்டத்தில் என்னைப் பேசச் சொன்னார்கள். பதினோரு வருடம் பக்கத்து மேசையில் உட்கார்ந்து அவர்மேல் பொறாமைப்பட்டவன் நான்!

வெளியிலிருந்து கணினிக்கு வரும் அழைப்பை வாங்கி, உரிய சேவையிடம் ஒப்படைக்க ஒரு பின்னணி நிரல் உண்டு. அந்த வேலைக்கு நாலைந்து நிரல்கள். ஒன்றை எடுத்துவிட்டு இன்னொன்றை வைக்கலாம். ஆனால் சேவைப் பட்டியலை ஒவ்வொன்றும் ஒவ்வொரு மாதிரி எழுதும். சேவைகளை அந்தப் பட்டியலில் சேர்க்க நான் செய்த பதிவுக் கருவிக்கு ஒரே ஒரு நிரலைத்தான் தெரியும். அம்மையார் செய்ததோ, எது இருந்தாலும் அதற்கேற்றபடி பதிந்து கொடுத்தது. பயனர் நிறுத்திவைத்த சேவையைப் புதுப்பிக்கும்போது தானாகத் திறந்துவிடாது. எப்பேர்ப்பட்ட யோசனை! அது எனக்கு ஏன் தோன்றவில்லை? அதுதானே என் வயிற்றெரிச்சல்!

அவர் கருவியைச் சரிபார்த்து வெளியிட அனுமதிக்கும் பொறுப்பு என்னிடம் இருந்தது. "இன்னும் சோதிக்கணும்மா" என்று எட்டு மாதம் இழுத்தடித்தேன். சோதித்தேனா? திறந்துகூடப் பார்க்கவில்லை!

அதற்குள் ஒரு மருத்துவமனையில் பின்னணி நிரலை மாற்றினார்கள். புதியதில் என் கருவி எதையும் பதியவில்லை. ரத்தப் பரிசோதனை முடிவுகள் வார்டுக்குப் போகவில்லை. செவிலியர்கள் காகிதத்தோடு மாடிப்படி ஏறி இறங்கினார்கள்.

மேலாளர் எங்கள் இருவரையும் அழைத்தார். "உங்க கருவி எட்டு மாசமா தயாரா இருக்கேம்மா, யார் நிறுத்தி வெச்சது?"

அம்மையார் ஒரு கணம் என்னைப் பார்த்தார். "அதை அப்புறம் பேசலாம் சார். மொதல்ல அவங்களுக்கு அனுப்பிடறேன்."

மதியத்துக்குள் எல்லாம் சரியாயிற்று.

வெளியே வந்ததும் மெதுவாகச் சொன்னார்: "நீங்க படிக்கவே இல்லைன்னு எனக்குத் தெரியும்ணா. படிச்சிருந்தா குறை சொல்லாம விட்டிருப்பீங்களா? அதுல ரெண்டு தப்பு இருந்துச்சு. நானேதான் கண்டுபிடிச்சுத் திருத்தினேன்."

மன்னிப்புக் கேட்டேனா? இல்லை! அந்தப் பெருந்தன்மையைப் பார்த்தும் பொறாமைப்பட்டேன். கேட்கலாம், கேட்கலாம் என்று நாளைத் தள்ளினேன். போன வாரம் மாரடைப்பு முந்திக்கொண்டது.

அம்மையாரே! உங்கள் குடும்பத்தின் முன் இப்போது கேட்கிறேன், மன்னியுங்கள்.

தோழர்களே, அந்தக் கருவியை இனி நான் பராமரிப்பேன். அதை ஆக்கியவர் என்ற இடத்தில் அவர் பெயர் மட்டுமே இருக்கும். உங்களில் யார் திருத்தம் அனுப்பினாலும் வந்த அன்றே படிப்பேன். அதில் என்னைவிடக் கெட்டிக்காரத்தனம் தெரிந்தால் எனக்கு வயிறு எரியும். எரியட்டும்! எரிகிற வயிற்றோடு, "சேர்த்துக்கொள்ளலாம்" என்று எழுதிக் கையெழுத்திடுவேன்.