ஒரு மணி வரை என் நேரம்

என் மகளுக்குப் பள்ளி வாசலில் காத்திருப்பது பிடிக்காது. அதனால்தான் அரைநாள் வேலை கேட்டு வாங்கினேன். காலையில் வார்டுக்கு நான். மதியம் ஒரு மணிக்கு மேல் இன்னொரு இளம் மருத்துவன். அவனுக்கும் அரைநாள்தான். ஆனால் எந்நேரமும் அங்கேயே கிடப்பான். 'அரை டாக்டர்' என்ற பட்டம் எனக்கு மட்டும்தான்.

பெரிய டாக்டரிடம் ஒரு நோயாளியைப் பற்றி வாயைத் திறந்தால், "இரும்மா, அவன் வரட்டும். அவனுக்குத்தான் முழுசாத் தெரியும்" என்பார். எனக்குச் சுருக்கென்று இருக்கும். சிரித்துவைப்பேன்.

மதியம் அவனிடம் பொறுப்பை ஒப்படைப்பது கட்டிலருகே நின்று, வாய்ப்பேச்சாகத்தான். ஒருநாள் அவசரத்தில் ஏதோ ஒரு விவரத்தை விட்டுவிட்டு வந்துவிட்டேன். வீட்டுக்குப் போன் வந்தது. "நீங்க இல்லாம இங்க ஒண்ணுமே ஓடல டாக்டர்" என்றார் சிஸ்டர். மனசு குளிர்ந்துபோனது. அன்று மகளுக்குக் கதை சொல்லித் தூங்கவைத்தேன், அவளே ஆச்சரியப்பட்டாள்.

பிறகு தினமும் ஏதாவது ஒரு விவரத்தை அவனிடம் சொல்லாமல் என்னிடமே வைத்துக்கொண்டேன். யாருக்கு மாத்திரையைப் பொடித்துக் கொடுக்க வேண்டும், யாருக்கு எந்தக் கையில் நரம்பு கிடைக்கும், அவ்வளவுதான். முதல் அழைப்பை எடுக்க மாட்டேன். கொஞ்சம் தேடட்டுமே. இரண்டாவதில் எடுப்பேன்.

தையல்காரர் ஒருவர் நெஞ்சுச்சளியோடு வந்து சேர்ந்திருந்தார். ஒருநாள் காலை ஆக்சிஜன் முகமூடியை நகர்த்திவிட்டு, "பென்சிலின் போட்டு ஒருதடவை தொண்டையே அடைச்சுக்கிச்சும்மா" என்றார். வேறு மருந்து கொடுத்தேன். ஒரு மணி வரை நன்றாகவே இருந்தார்.

"வேற ஏதாவது இருக்காக்கா?" என்று கேட்டான் அவன்.

"ஒண்ணும் இல்லப்பா. பாத்துக்க."

காய்ச்சல் ஏறினால் மருந்தை மாற்றுவான் என்று தெரியும். மாற்றுவதற்கு முன் என்னைக் கேட்பான் என்றும் தெரியும். பள்ளி வாசலில் போன் அடித்தது. விட்டுவிட்டேன். இரண்டாவது அழைப்புக்காகப் போனைக் கையிலேயே பிடித்துக்கொண்டு வீடுவரை நடந்தேன். வரவேயில்லை.

விசாரிக்க உட்கார்ந்திருக்கும் நீங்கள், 'நீயே கூப்பிட்டிருக்கலாமே' என்கிறீர்கள். கூப்பிட்டிருக்கலாம். ஆனால், வேலை முடிந்தால் வார்டை மறந்துவிட வேண்டும் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தவர்கள் நீங்கள்தானே.

மறுநாள் தையல்காரரின் மனைவி கணவருடைய மூக்குக்கண்ணாடியைப் புடவைத் தலைப்பால் துடைத்துக்கொண்டே நின்றார். "உங்ககிட்ட சொல்லிட்டேன்னு சொன்னாரேம்மா?" என்று கேட்டார். அந்த முகம் இன்னும் என்னைத் தூங்கவிடவில்லை. அதை மறைக்க விரும்பவில்லை.

அந்த இளம் மருத்துவன் வேலையை விட்டுப் போய்விட்டானாம். தான் போட்ட பென்சிலினால்தான் அவர் இறந்தார் என்று தன்னையே குற்றம் சொல்லிக்கொள்கிறானாம். பாவம். ஒழுங்காகக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

ஆமாம், தெரிந்தேதான் சொல்லாமல் விட்டேன். எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் என் நேரத்தில் இதுவரை ஒரு நோயாளிகூடச் சாகவில்லை. அதையும் சேர்த்து எழுதுங்கள்.

மணி ஒன்றாகப் போகிறது. மகள் காத்திருப்பாள். ஆறாம் கட்டிலில் இருக்கும் அம்மா இன்று காலை என்னிடம் ஒரு விஷயம் சொன்னார். இன்னும் யாருக்கும் தெரியாது. அவசரமென்றால் கூப்பிடுங்கள். இரண்டாவது அழைப்பில் எடுத்துவிடுவேன்.