விளக்குத்தின்னியின் கவசம்

— ரெண்டுன்னா லேசா, கெட்டியா? அதை மட்டும் சொல்லு, உனக்குப் புண்ணியமாப் போகும்.

— கெட்டி, அண்ணி. ஆட்டத்தோட பழைய விதிப் புத்தகத்துல கவசத்துக்கு எண் குறையக் குறையக் கெட்டி. புதுசுல கூடக் கூடக் கெட்டி. இருபதுல இருந்து கழிச்சு எழுதுங்க. ரெண்டுன்னா பதினெட்டு.

— குறைஞ்சா கெட்டியா! இடுப்பளவைக் குறைச்சாப் பாவாடை தொளதொளன்னு ஆகும்னு சொல்ற மாதிரி இருக்கு. எந்த மகராசன் போட்ட கணக்கு இது?

— அதனாலதான் புதுசுல மாத்திட்டாங்க. இதுக்கா கூப்பிட்டீங்க? என் பகடைப் பையை வந்து எடுத்துட்டுப் போன்னுதானே போன் பண்ணீங்க?

— பை எங்கே ஓடிடப் போகுது, அலமாரியிலதான் கெடக்கு. ஞாயித்துக்கிழமை உங்கண்ணனோட ஆட்டக்காரங்க நாலு பேரும் வராங்க. பழைய விதிப் புத்தகம் தாள் தாளாக் கழண்டு போச்சுன்னு புதுசு வாங்கியாச்சு. நோட்டுல இருக்கிற நாப்பத்து மூணு ராட்சசங்களையும் பிரிச்சுப் புது அளவுக்குத் தைக்கணும். உங்கண்ணனுக்குக் கதை கட்ட வரும், ராட்சசன் குரல்ல உறும வரும். கழித்தல் வராது.

— இன்னுமா வரல? சரியாப் போச்சு. எத்தனை மணிக்கு வருவான்?

— ஆறு மணிக்கு.

— அப்ப நான் அஞ்சரைக்குக் கெளம்பிடுவேன்.

— கெளம்பேன், யாரு கையைப் பிடிச்சா? அதுக்குள்ள இந்த ஒரு பக்கத்தைப் பாத்துக் கொடு. எழுத்து கோழி கிண்டின மாதிரி இருக்கு.

— கொடுங்க... அண்ணி, இது விளக்குத்தின்னி.

— ஆமா, மேல அப்படித்தான் போட்டிருக்கு.

— வேற ராட்சசனே கெடைக்கலையா உங்களுக்கு?

— நாப்பத்து ரெண்டை முடிச்சிட்டேன் சுண்டெலி. இது ஒண்ணுதான் பாக்கி.

— முப்பத்து ரெண்டு வயசாச்சு, இன்னும் சுண்டெலியா நான்? பன்னெண்டு வயசுல இருந்து அந்த மேசையில ஒரே பாத்திரமாத்தான் ஆடினேன் அண்ணி. சாவிக்காரி. எந்தப் பூட்டும் அவ விரல் பட்டாத் திறக்கும். மறுநாள் வேலைக்கு ஊரை விட்டுப் போறேன், அதுதான் கடைசி ஆட்டம். அன்னிக்குப் பாத்து அண்ணன் இதை இறக்கறான். பதினோரு தடவை அந்த இருபது முகப் பகடையை உருட்டினேன். ஒரு அடி படல. எங்க விளக்கை ஒண்ணொண்ணாத் தின்னுட்டு, கடைசியில அவளையும்...

— தெரியும். அந்த மூலையில தையல் மெஷின்ல உக்காந்திருந்தேன். கல்யாணம் ஆகி மூணு மாசம். ஆட்டம் ஒரு மண்ணும் புரியல. உன் முகம் மட்டும் புரிஞ்சுது.

— ‘வேணும்னே கொன்னுட்டே, நான் போறது உனக்குப் பொறுக்கல’ன்னு கேட்டேன். ‘தாள்ல இருக்கிறதுதான் ஆட்டம்’னான். அதோட சரி. வாசல் வரைக்கும்கூட வரல.

— நீ மட்டும்? ஒம்பது வருஷம். அப்பா ஆஸ்பத்திரியில கெடந்தப்பகூட வராந்தாவுல நீ அந்தக் கோடி, அவர் இந்தக் கோடி. நடுவுல நான் பிளாஸ்கைத் தூக்கிட்டு அங்கேயும் இங்கேயும் அலைஞ்சேன். வார்டு பாய்க்குக்கூட அவ்வளவு நடை இருந்திருக்காது.

— பகடை ஆட்டத்துக்காகவா அண்ணன்கூடப் பேசலன்னு கேட்டா ஆபீஸ்ல சிரிப்பாங்க.

— நான் சிரிச்சேனா?

— இல்ல. நீங்க சிரிக்கல.

— அது கெடக்கட்டும். பக்கத்தைப் பாரு. ஒவ்வொண்ணாப் படி.

— உயிர் நாப்பத்தெட்டு. அதை அடிச்சுட்டுப் பதினாறுன்னு இருக்கு. கடி பன்னெண்டு, அதையும் அடிச்சு நாலு. துணிவு பதினொண்ணு... மூணு.

— துணிவுன்னா?

— அடி பட்டா நிக்குமா, ஓடுமான்னு. மூணுன்னா ஒரு தட்டுத் தட்டினாலே ஓடிடும். புதுப் புத்தகத்துல அந்தக் கட்டமே கெடையாது, எல்லாம் சாகற வரைக்கும் நிக்கும். அண்ணி, இருங்க. எல்லாத்தையும் குறைச்சிருக்கே! அதான் நாலு நாலாக் கடிச்சு அவ்வளவு நேரம் இழுத்துச்சா? நான் ஒரு அடி போட்டிருந்தா ஓடியிருக்குமே!

— கவசம்?

— ஏழு. அடிச்சு... ரெண்டு.

— ம்.

— ஏழாவே விட்டிருந்தா எனக்குப் பகடையில பதிமூணு விழுந்தாலே அடி பட்டிருக்கும். அன்னிக்குப் பதிமூணும் பதினாறுமா எத்தனை தடவை விழுந்துச்சு! ரெண்டுன்னு ஆனதால பதினெட்டு வேணும்னான். லேசாக்கணும்னு எல்லாத்தையும் குறைச்சவன், அதே கையோட இதையும் குறைச்சுத் தொலைச்சிருக்கான். மடையன்! அப்பவே பதினோரு வருஷமா ஆட்டம் நடத்தினவனுக்கு இதுகூடவா தெரியாது?

— தெரியாதவங்க செய்யற வேலைதான்.

— நான் ஜெயிக்கணும்னு நெனச்சிருக்கான் அண்ணி. கொல்லணும்னு இல்ல... துடைக்க ஏதாவது கொடுங்க.

— இந்தா. லைனிங் துணி, சரியா உறிஞ்சாது. அழுத்தித் துடை.

— அன்னிக்கே இந்தத் தாளைத் தூக்கிக் காட்டியிருந்தா, நான் கதவை அப்படி அறைஞ்சுட்டுப் போயிருப்பேனா?

— அவர் எங்கே பாத்தார்? நீ போன அன்னிக்கு இந்தப் பக்கத்தை மூடினவர்தான்.

— மணி என்ன?

— அஞ்சு அம்பது. உன் அஞ்சரை எப்பவோ போயிடுச்சு.

— போகட்டும். இருந்து பாத்துட்டே போறேன். மூஞ்சிக்கு நேரா ஒரு தடவை மடையான்னு சொல்லணும். ஞாயித்துக்கிழமை அஞ்சாவதா ஒரு நாற்காலி கெடைக்குமா?

— உன் நாற்காலி அங்கேதான் இருக்கு, ஒம்பது வருஷமா துணி மூட்டையைச் சுமந்துட்டு. இறக்கிடறேன். அதுக்கு முன்னாடி அந்தப் பக்கத்தை இன்னொரு தடவை பாரு சுண்டெலி.

— பாத்தாச்சே.

— எண்ணைப் பாத்தே. நிறத்தைப் பாக்கலியே.

— எழுத்தெல்லாம் பேனா. அடிச்சு மாத்தின நாலும் நீலப் பென்சில். அவன் கையில எது கெடைச்சாலும் அதுல கிறுக்குவான், ஒரு தடவை அம்மாவோட கண்மைப் பென்சிலைத் தீத்துட்டான். எழுதினது மறுநாள் ஞாபகமும் இருக்காது, தாள்ல என்ன இருக்கோ அதைப் படிப்பான். அதுக்கென்ன இப்ப?

— லிஃப்ட் சத்தம் கேக்குது. அவர்தான். நான் வாயை மூடிட்டிருந்தா நீங்க ரெண்டு பேரும் சேந்துடுவீங்க, அதுவும் எனக்குத் தெரியும். ஆனா இந்தச் செவ்வாய்க்கிழமை, மத்ததையெல்லாம் இருபதுல கழிச்சுக் கழிச்சு எழுதிட்டு இந்தப் பக்கத்துக்கு வந்தேன் பாரு, அதுல இருந்து ராத்திரி கண்ணை மூட முடியல.

— அண்ணி, என்ன சொல்றீங்க?

— இந்த வீட்டுல நீலப் பென்சில்ல துணிக்கு அளவு குறிக்கிறது ஒருத்திதாம்மா. நீ ஜெயிச்சுட்டு ஊருக்குப் போகணும்னு, எல்லாத்தையும் நான்தான் கொஞ்சம் குறைச்சுப் பிடிச்சுவிட்டேன்.