சமையலறைக்கு ஜன்னல் வைக்காத வேந்தர்

தலைமை தாங்கும் இந்த மதுவிடுதியின் உரிமையாளர் அவர்களே! மேடையை நிறைத்திருக்கும் பெரியோர்களே! கண்ணீரைத் துடைக்கவும் மறந்து அமர்ந்திருக்கும் அண்ணி அவர்களே! பின்வரிசையில் நிற்கும் சமையலறைத் தோழர்களே!

போய்விட்டாரே! உள்ளலங்கார வேந்தர் நம்மை விட்டுப் போய்விட்டாரே! இருபது ஆண்டுகள் அவருக்கு வரைபடம் வரைந்த இந்தக் கை இன்று மைக்கைப் பிடிக்கிறதே!

நீங்கள் அமர்ந்திருக்கும் இடம் என்ன? பாழடைந்த நீச்சல் குளம்! அதன் தரையில் மேசை போட்டவர் யார்? நீரில் குதிக்கும் பலகையில் கோப்பைகளை அடுக்கியவர் யார்? பியர் காய்ச்சும் செப்பு அண்டாக்களைக் கரையோரம் வரிசையாக நிறுத்தி, குடிப்பவர்களை அண்ணாந்து பார்க்க வைத்தவர் யார்? அண்ணன்! என் அண்ணன்!

சமையலறை எங்கே என்று கேட்பீர்கள். உங்கள் காலடியில், பழைய மோட்டார் அறையில் இருக்கிறது. ஜன்னல் கிடையாது. வைத்தால் அது மேலே கரையில்தான் திறக்க வேண்டும்; அண்டா வரிசை நடுவில் அறுந்துவிடும். அண்ணன் அழகுக்காக எதையும் விட்டுக்கொடுத்ததில்லை.

இதோ நிற்கிறாரே தலைமைச் சமையல்காரர், இவர் ஒரு நாள் மயங்கி அடுப்பின் மேலேயே விழுந்தார். முழங்கைவரை வெந்துபோயிற்று. அண்ணன் ஓடோடி வந்தார்! எதைப் பார்க்க? தரை ஓடு விரிசல் விட்டிருக்கிறதா என்று பார்க்க! அதுவல்லவா தொழில் பக்தி!

அடுத்த கிளைக்கு வேலை தொடங்கியதும் இவர் வந்து நின்றார். “அண்ணே, புதுசுலயாவது ஒரே ஒரு ஜன்னல் வைங்கண்ணே. மூச்சு முட்டுது. பசங்க யாரும் ஒரு மாசம் தாங்க மாட்டேங்கிறாங்க.”

“ஏம்ப்பா, நீ சமைக்க வந்தியா, காத்து வாங்க வந்தியா?” என்றார் அண்ணன். நாங்கள் எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தோம்.

அந்த அண்ணனுக்கா நுரையீரல் கெட வேண்டும்? போன வாரம் மருத்துவமனையில் முகமூடியை விலக்கி, என் சட்டையைப் பிடித்து இழுத்தார். “டேய், அவங்களுக்கு ஜன்னல் வச்சிருடா. மூச்சு முட்டுனா எப்படி இருக்கும்னு இப்பத்தான்டா தெரியுது. சத்தியம் பண்ணு.” கையில் அடித்துச் சத்தியம் செய்தேன். மறுநாள் விடியுமுன் அவர் இல்லை.

சமையல்காரரே, கும்பிடாதீர்கள். கையை இறக்குங்கள்.

அன்று பேசியது அண்ணனா? இல்லை, நோய்! இருபது ஆண்டுகள் எனக்குக் கற்றுக்கொடுத்த மனிதர் அப்படிக் கெஞ்சுவாரா? ஒரு பலவீனமான இரவை அவருடைய சுவரில் ஓட்டையாக விட்டுவைக்க என் மனம் இடம் கொடுக்கவில்லை. அவர் தெளிவாக இருந்தபோது போட்ட வரைபடத்தின்படியே இன்று காலை புதுக் கிளையின் சமையலறைச் சுவரை ஜன்னலில்லாமல் எழுப்பி முடித்துவிட்டேன். உரிமையாளரும் தலையசைக்கிறார். இனி வரும் ஒவ்வொரு கிளையையும் இப்படியே கட்டுவேன் என்று அண்ணனின் படத்தின் முன் உறுதி கூறுகிறேன்!

அனைவரும் எழுந்து நில்லுங்கள். சமையல்காரரே, எங்கே கிளம்பிவிட்டீர்கள்? அஞ்சலி முடியட்டும். ஒரே ஒரு நிமிடம். மூச்சுச் சத்தம்கூடக் கேட்கக் கூடாது.