விதிப்படி எடுத்த ரத்தம்

ரத்தம் எடுப்பதில் எனக்குக் கைராசி உண்டு ஐயா. ஒரே குத்து, நரம்பு கிடைத்துவிடும். பரளச்சிப் பக்கத்தில் "ஜான்ராஜ் சார் குத்துனா எறும்பு கடிச்ச மாதிரிதான்" என்பார்கள். ஆராய்ச்சி நிலையத்திலிருந்து விசாரிக்க இவ்வளவு தூரம் வந்திருக்கிறீர்கள், சொல்கிறேன். நின்றுகொண்டே சொல்கிறேனே. கொஞ்ச நாளாக ஓரிடத்தில் உட்கார முடிவதில்லை.

1996இல் அந்த வேலை வந்தது. சொந்தத்தில் கல்யாணம் முடிக்கும் குடும்பங்களில் ரத்தக்கூறுகள் பிள்ளைகளுக்கு எப்படி இறங்குகின்றன என்று பார்ப்பது. எனக்குத் தற்காலிக வேலைதான். ஒழுங்காகச் செய்தால் நிரந்தரம் என்றார்கள். கையில் ஒரு விதிப்புத்தகம் கொடுத்தார்கள். விளக்கிச் சொல்லிச் சம்மதக் கையெழுத்து வாங்க வேண்டும். டியூப்பில் பெயர் கூடாது, எண் மட்டும். மறுக்கிற பிள்ளையை வற்புறுத்தக் கூடாது. ஆசை காட்டக் கூடாது, மிட்டாய்கூடக் கொடுக்கக் கூடாது. முடிவை யாரிடமும் சொல்லக் கூடாது. மற்றவர்கள் அதைப் புரட்டிக்கூடப் பார்க்கவில்லை. எனக்கு மனப்பாடம்.

பரளச்சியில் அருஞ்சுனை அண்ணாச்சி பலசரக்குக் கடை வைத்திருந்தார். அக்காள் மகள் முத்துலட்சுமியைத்தான் கட்டியிருந்தார். ஒரே பிள்ளை சுவாதி, நாலு வயது. தாயும் தகப்பனும் கை நீட்டினார்கள், எடுத்தேன். பிள்ளை ஊசி பட்டதும் கையை உதறிக்கொண்டு ஓடிவிட்டது. டியூப்பில் இரண்டே சொட்டு.

"போதுமா சார்?" என்றாள் முத்துலட்சுமி.

"போதும்மா" என்றேன்.

மறுபடி குத்தினால் அது வற்புறுத்தல். பிள்ளையின் ரத்தம் இல்லாவிட்டால் அந்தக் குடும்பமே ஆராய்ச்சியில் சேராது. ஐஸ்பெட்டியில் ஐஸ் கரைகிறது, ஜீப் டிரைவர் ஹாரன் அடிக்கிறான். பக்கத்துப் பள்ளிக்கூடச் சுவருக்குப் பின்னால் போய், புது டியூப்பில் என் ரத்தத்தை எடுத்து, பிள்ளையின் எண்ணை ஒட்டினேன். சின்ன டியூப், அவ்வளவுதான்.

மூன்று வாரத்தில் கடிதம் வந்தது. தாயும் ஓ வகை, தகப்பனும் ஓ வகை, பிள்ளை மட்டும் பி வகை. அப்படிப் பிறக்க வழியில்லை, மறுபடி எடுத்து அனுப்பவும் என்று. என் ரத்தம் பி. போனேன், எடுத்தேன், அனுப்பினேன். மறுபடியும் பி என்றே வந்தது.

விஷயம் அதோடு முடிந்திருக்க வேண்டும். ஆனால் ஊரில் எத்தனையோ வீடு இருக்க, ஜீப் அந்த ஒரு வீட்டுக்கு மட்டும் இரண்டாம் தரம் போயிற்றே. தாய் தகப்பன் ரத்தம் பிள்ளைக்கு இறங்குவதைப் பார்க்கிறோம் என்று நான்தானே எல்லோருக்கும் விளக்கியிருந்தேன். வெறும் வாயை மெல்லுகிற ஊருக்கு அவல் கிடைத்தது.

அண்ணாச்சி என்னைப் பந்தல்குடி பஸ் ஸ்டாப்பில் பிடித்தார். "சார், ஒளிக்காமச் சொல்லுங்க. புள்ள எனக்குப் பொறந்ததுதானா?"

"அதச் சொல்ல எனக்கு அனுமதி இல்ல அண்ணாச்சி."

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு ஊரைப் பார்த்து நடந்தார். நான் ஒரு வார்த்தை பொய் சொல்லவில்லை, அதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

மறுநாள் முத்துலட்சுமி வந்தாள். உதடு வீங்கியிருந்தது. "சாமி சத்தியமா நான் ஒரு தப்பும் பண்ணல சார். அவுக சோறு திங்க மாட்டேங்குறாக, புள்ளையத் தொட மாட்டேங்குறாக. டவுனு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போயி இன்னொரு தரம் ரத்தம் பாத்துட்டு வரட்டுமா?"

"அங்க போனா ஊருக்கே தெரிஞ்சுபோகும்மா. கொஞ்ச நாள் பேசாம இருங்க, தன்னால சரியாப் போகும்."

நல்ல புத்திதான் சொன்னேன். வேலை போய்விடுமோ என்ற பயமும் இருந்தது, இல்லை என்று சொல்லமாட்டேன். அன்று சாயங்காலம் வரை தெருவில் மேலும் கீழுமாக நடந்துகொண்டிருந்தேன்.

வெள்ளிக்கிழமை அவள் பருத்திக்கு அடிக்கிற மருந்தைக் குடித்துவிட்டாள். அருப்புக்கோட்டை ஆஸ்பத்திரி போய்ச் சேருமுன்பே உயிர் போய்விட்டது. சுவாதியை அண்ணாச்சி தன் வீட்டில் சேர்த்துக்கொள்ளவில்லை. அடுத்த மாதம் என் வேலை நிரந்தரமாயிற்று.

இரண்டாவது டியூப்பும் எப்படி பி ஆனது என்று கேட்கிறீர்கள். கேட்க வேண்டியதுதான். பிள்ளையின் ரத்தத்தை அனுப்பினால், முதலில் வந்தது யாருடையது என்று கேட்பீர்களே.

அந்தத் தடவை சுவாதி ஓடவில்லை. அம்மா சொல்லிக்கொடுத்திருந்தாள் போல. கண்ணை இறுக மூடிக்கொண்டு கையை நீட்டியது. டியூப் நிறைய எடுத்தேன். பந்தல்குடி ரோட்டில் ஒரு கருவேலமரத்தடியில் அதைக் கொட்டிவிட்டு, என் கையில் குத்திக்கொண்டேன். முழங்கை மடிப்பில் அந்த இடம் இன்னும் அரிக்கிறது.

எடுத்து முடித்ததும் பிள்ளை கேட்டது: "நான் அழுகவே இல்லைல மாமா? மிட்டாய் குடுப்பீகளா?"

சட்டைப்பையில் ஒன்று இருந்தது. ஆனால் விதி இருக்கிறதே ஐயா. நான் கொடுக்கவில்லை.