இடக்கை குடுக்கிற கூட்டம்

"எங்கட சாரணியர் கூட்டத்தில கைகுலுக்க இடக்கைதான் குடுக்கிறது, அப்பா."

ஊர்காவற்றுறையிலிருந்து காரைநகருக்குப் போகும் மோட்டார்ப் படகில் இதைச் சொன்னவளுக்குப் பத்து வயதிருக்கும். எதிர்ப்பலகையில் இருந்து கேட்ட எனக்கே ஒரு மாதிரியாக இருந்தது.

"இடக்கையை ஆரும் குடுப்பினமோ? மரியாதையில்லாத வேலை."

"இல்லையப்பா. அது நெஞ்சுக்குக் கிட்ட இருக்கிற கையாம். சனிக்கிழமை நாங்கள் மூண்டு விரலைக் காட்டிச் சத்தியம் செய்த பிறகு, வந்திருக்கிற தாய் தகப்பனுக்கும் ரீச்சர் கைகுடுப்பா."

"அம்மாவைக் கூட்டிக்கொண்டு போ, பிள்ளை. நாலு பேருக்கு முன்னால எனக்கு ஏலாது."

அவளுடைய அப்பாவின் வலக்கை மணிக்கட்டோடு முடிந்திருந்தது. அதை மடியிலிருந்த சால்வைக்குள் வைத்திருந்தார்.

"அங்க ஆரும் வலக்கையைக் கேக்கமாட்டினம். நான் ரீச்சரிட்ட வடிவாக் கேட்டுப்போட்டுத்தான் சேர்ந்தனான்."

அவர் காரைநகர் இறங்குதுறை கிட்டவந்தபோது இடக்கையை அவளிடம் நீட்டினார்.

"எங்க, எப்பிடிக் குடுக்கிறதெண்டு காட்டு பார்ப்பம்."

அவள் தன் இடக்கையால் அதைப் பிடித்துக் குலுக்கினாள்.

"சனிக்கிழமை எத்தினை மணிக்கு, பிள்ளை?"