பொட்டும் திட்டும் வாங்கிய மிஷின்

உத்திரமேரூரிலிருந்து காஞ்சிபுரம் போகும் பேருந்தில் எனக்கு முன் இருக்கையில் இரண்டு பெண்கள் இருந்தார்கள். ஜன்னலோரம் இருந்த இளையவள் சொன்னாள்: "அந்த மிஷினுக்குக் கீற அறிவு எம் புருஷனுக்கு இல்லக்கா."

"இன்னாடி ஆச்சு?"

"ரைஸ்மில்லுல நின்னுக்கினு கூத்துக்குப் பாட்டு யோசிச்சுக்கினு இருந்தாராம். தோள்ல போட்ட துண்டு பெல்ட்டுல மாட்டி, கையயும் சேத்து இழுத்துடுச்சு. பழைய மிஷினா இருந்தா கையே போயிருக்கும். இது புதுசு, தானா நின்னுடுச்சு. வெறும் சிராய்ப்புதான்."

"இது வந்துதான் அரிசியில கல்லு பொறுக்குற வேலை எனக்குப் போச்சுன்னு அத்தினி சாபம் வுட்டியேடி!"

"வுட்டேன். நேத்து நானே போயி அதுக்குப் பொட்டு வெச்சுட்டு வந்தேன்."

"அவுரு இன்னா பண்றாரு?"

"வூட்டுல குந்திக்கினு அந்த மிஷினத் திட்டி பாட்டு எழுதறாரு. பொம்பளைங்க வேலையெல்லாம் முழுங்கிடுச்சுன்னு. அத கம்ப்யூட்டர்ல அடிச்சு புக்கு போடணுமாம். அதான் விசாரிக்கப் போறேன்."

மூத்தவள் தலையில் அடித்துக்கொண்டாள். "உசுரக் காப்பாத்துனதயே திட்டுறாரா?"

இளையவள் சிரித்தாள்.

"திட்டட்டும் வுடுக்கா. எழுதறதுக்குக் கை கீதே."