பெரிய பிரேக் மாட்டிய கார்

மணப்பாடு போகும் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் ஒரு புருசனும் பெண்டாட்டியும் இருந்தார்கள். அவள் மடியில் வெள்ளைச் சட்டை போட்ட கைப்பிள்ளை. பத்து மணிக்குக் கோயிலில் ஞானஸ்நானமாம்.

“பிரேக் நல்லாத்தாம்ளா இருக்கு. சக்கரத்தத்தான் மாட்ட முடியல,” என்றான் அவன்.

உப்பளத்தைப் பார்த்துக்கொண்டிருந்த நான் காதை இந்தப் பக்கம் கொடுத்தேன்.

“பெரிய பிரேக் காலிப்பர நானே மாட்டுதேன்னு வாசல்ல உக்காந்திய. சக்கரத்துக்குள்ள அடங்குமான்னு அளந்து பாத்தியளா?”

“பிள்ள போற வண்டி. சட்டுனு நிக்காண்டாமா?”

“நிக்காம என்ன? முந்தாநாள்ல இருந்து செங்கல் மேல அசையாம நிக்கி.”

“பெரிய சக்கரம் வாங்குனா சரியாயிரும்.”

“பழைய பிரேக்கையே திருப்பி மாட்டுனா என்ன?”

அவன் சன்னலைப் பார்த்தான். “அதத்தான் உங்க அண்ணன் வண்டிக்குக் குடுத்துட்டேன்லா.”

“அவன் காலையில வந்து ஏத்திக்கிடுதேன்னு சொன்னான். கௌரவம் கொறஞ்சிரும்னு வேண்டாம்னுட்டிய.”

ஆலந்தலை தாண்டியதும் ஒரு கார் ஆரன் அடித்துக்கொண்டு பஸ்ஸை முந்தியது. அவள் பிள்ளையின் கையைப் பிடித்து ஆட்டினாள்.

“மாமாவுக்கு டாட்டா சொல்லுல. நம்ம பிரேக்கு நமக்கு முந்திக் கோயிலுக்குப் போவுது.”